பத்தாங் பெர்ஜுந்தை கடைவீட்டு மாடி வாசிப்பு வகுப்பு: எட்டு மாத அனுபவம்

என் மகளுக்கு 15 வயது, படிவம் 2, அதாவது இடைநிலைப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு, மலாயில் பாடம் நடக்கும் இடைநிலைப்பள்ளிக்குள் போனவள். வகுப்பிலேயே உயரம் அவள்தான். வரலாற்றுப் பாடத்தில் ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்தால் உடனே கழிவறைக்கு அனுமதி கேட்பாள். படிவம் 1 பாதியில் அவளுடைய தோழி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அதுவரை வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் ஓர் ஆசிரியர் சோம்பல் என்றார். வீட்டில் மாமியார் கைப்பேசியைக் குற்றம் சொன்னார். நான் இரண்டையும் நம்பி அவளை அடித்தும் இருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த மாடி வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் அவள் என்ன பாடு படுகிறாள் என்று புரிந்தது. அவளுக்கு இருப்பது டிஸ்லெக்சியா, எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் சிரமம். அதனால் இந்த விமர்சனத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். வகுப்பின் பெயரைப் போட வேண்டாம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டார், ஒரு குழுவுக்கு நான்கு பிள்ளைகளுக்கு மேல் எடுப்பதில்லை என்பதால். ஊர்க்காரர்களுக்கு எந்த மாடி என்று தெரிந்துவிடும். வேறு ஊரில் இருப்பவர்கள் தங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வகுப்பு இருந்தால் எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் மலேசியாவில் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தோட்டப் பக்கம். 2007ல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். நாட்டிலேயே முதன்முதலாக 1917ல் செம்பனையை வணிகப் பயிராக நட்ட தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் ஓர் எண்ணெய் ஆலையில், லோரி நிறுக்கும் இடத்தில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. நான் பார்க்கும் சீட்டு பின்னால் இந்தக் கதைக்குள் வருகிறது.

வகுப்பு ஒரு மோட்டார் பட்டறைக்கு மேலே, கடைவீட்டின் மாடியில். பெயர்ப்பலகை கிடையாது. மேலே ஒரே ஓர் அறை, இரண்டு மேசை, சுவரெல்லாம் அட்டைகள். டீச்சர் தமிழ்ப்பள்ளியில் பல ஆண்டு குறைநீக்கல் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவர். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம். மாதம் 180 வெள்ளி (ரிங்கிட்), சேரும்போது 50 வெள்ளி.

முதல் நாள் டீச்சர் என்னிடம் பேசவே இல்லை. மகளைப் பார்த்து, “உனக்குப் பள்ளியிலே எது ரொம்பத் தொல்லை?” என்று கேட்டார். அவள் ரொம்ப நேரம் கழித்து, “செஜாரா” என்றாள். வரலாறு. சரி என்று அவளுடைய வரலாற்றுப் புத்தகத்தையே எடுக்கச் சொல்லி, ஒரு நிமிடம் வாசிக்கவிட்டு, பிழையைத் திருத்தாமல் குறித்துக்கொண்டார். 31 சொல், அதில் 11 தவறு. எந்தச் சொல், எந்த இடத்தில், என்னவாக மாறியது என்று முழுவதும் அவர் தாளில் இருந்தது. அந்தத் தாளை எனக்குக் காட்டினார். சின்னச் சொற்களில் தடுமாற்றம் குறைவு. முன்னாலும் பின்னாலும் ஒட்டுச் சேர்ந்த நீளச் சொல் வந்தால் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறாள். ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியிலும் இப்படி ஊகித்தே தப்பித்திருக்கிறாள்.

இந்த வகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் இதுதான். இதற்கு முன் இரண்டு இடங்களில், படிக்கத் தெரியவில்லை என்றதும் ஆயாம், ஈத்தேக் என்று கோழி வாத்துப் படம் போட்ட புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அன்றைக்கே இனி வர மாட்டேன் என்றாள். நான் திட்டினேன். இப்போது நினைத்தால் அவள் சொன்னதுதான் நியாயம். மாதவிடாய் வந்த பெண்பிள்ளை, வீட்டில் சமைக்கிறவள், தம்பியைக் குளிப்பாட்டுகிறவள். அவளிடம் வாத்துப் படத்தைக் காட்டினால் அது அவமானம். எழுத்து வராதவளுக்குப் புத்தி வளரவில்லை என்று எப்படி முடிவு கட்டினோம்? இந்த டீச்சர் ஏழு வயதுப் பாடத்தை 15 வயதுக்குரிய மரியாதையோடு நடத்துகிறார். எழுத்துப் பயிற்சி அடிப்படையிலிருந்துதான் தொடங்கும். வாசிக்கும் பொருள் மட்டும் பிள்ளையின் வயதுக்கும் வாழ்க்கைக்கும் ஏற்றதாக இருக்கும்.

இரண்டாவது வாரம், வீட்டிலிருந்து ஏதாவது ஒரு தாள் கொண்டு வரச் சொன்னார். மகள் என் பையிலிருந்து ஒரு நிறுவைச் சீட்டை எடுத்துப் போனாள். லோரியோடு சேர்த்த எடை, வெறும் லோரியின் எடை, கழித்து வரும் நிகர எடை என்று மூன்று வரி. மலாயில் பெராட் காசார், பெராட் கோசோங், பெராட் பெர்சிஹ். டீச்சர் அந்தச் சீட்டை வைத்தே முழு வகுப்பையும் நடத்தியிருக்கிறார். ‘பெர்’ என்பது மலாயில் ஒரு முன்னொட்டு. மலாயில் லாரி என்றால் வண்டி இல்லை, ஓட்டம்; பெர்லாரி என்றால் ஓடுதல். அதைக் கற்றுக்கொண்டவள் பெராட்டையும் ‘பெர்’, ‘ஆட்’ என்று பிரித்துவிட்டாள். அங்கே பிரிக்கக் கூடாது, அது முழுச்சொல், அசை பிரித்தால் ‘பெ’, ‘ராட்’. பெர்சிஹ்ஹில் முதல் அசை ‘பெர்’தான், ஆனாலும் முன்னொட்டு இல்லை. ஒட்டை எடுத்துவிட்டுப் பார், மிச்சம் இருப்பது ஒரு சொல்லா என்று கேட்டுக்கொள், இல்லையென்றால் அது ஒட்டு இல்லை என்று ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். அன்று இரவு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பால்மாவு டின்னில் இருந்த சொற்களையெல்லாம் ஒட்டு எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தானாக ஒரு டின்னை வாசிக்கும் பிள்ளையை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

அப்புறம் வரலாறு. படிவம் 2 புத்தகத்தில் மலாக்கா சுல்தான் ஆட்சி வருகிறது. டீச்சர் முதலில் புத்தகத்தைத் திறக்கவில்லை. மலாக்காவை நிறுவிய பரமேஸ்வரா எங்கிருந்து வந்தார், ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார், காற்று மாறும்வரை கப்பல்கள் ஏன் அங்கே காத்துக் கிடந்தன, 1511ல் போர்ச்சுக்கீசியர் எப்படிப் பிடித்தார்கள் என்று முழுக் கதையையும் தமிழில் சொல்லிவிட்டார். கதை மனதில் நின்ற பிறகுதான் மலாய்ப் பக்கம். அங்கே கெராஜாஆன் என்று ஒரு சொல், அரசு என்று பொருள். மகள் வழக்கம்போல் ‘கெர…’ என்று நின்றுவிட்டாள். “முன்னாலே ‘கெ’, பின்னாலே ‘ஆன்’. ரெண்டையும் கையாலே மூடு. உள்ளே யாரு இருக்கா?” என்று டீச்சர் கேட்டார். அவள் விரலை வைத்து மூடிப் பார்த்துவிட்டு, “ராஜா!” என்றாள். வாசலில் நின்றிருந்த எனக்குக் கேட்டது. பட்டறைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. துறைமுகத்தைச் சொல்லும் பெலாபுஹானுக்கு உள்ளே, நங்கூரம் போடுவதைச் சொல்லும் லாபுஹ். வாணிபத்துக்கு உள்ளே டாகாங். இப்படியே ஒரு நோட்டு நிறைய வைத்திருக்கிறாள்.

மலாய் பெரும்பாலும் எழுதியபடியே ஒலிக்கும், ஆங்கிலம் மாதிரி அலைக்கழிக்காது என்று டீச்சர் சொன்னார். அதனால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை மலாயில் ஆரம்ப வகுப்பைத் தட்டுத்தடுமாறித் தாண்டிவிடும், இடைநிலைப்பள்ளியில் ஒட்டுகள் அடுக்கிய சொற்கள் வரும்போதுதான் மாட்டிக்கொள்ளும் என்பது அவர் அனுபவம். எழுதுவதைச் சொல்லும் துலிஸ் என்பது மெனுலிஸ் ஆகும்போது ‘த’ போய்விடுகிறது. பெருக்குவதைச் சொல்லும் சாபு என்பது மெஞாபு ஆகும்போது ‘ச’ காணாமல் போகிறது. அடிச்சொல்லின் முதல் எழுத்தே மறைந்துவிட்டால் எழுத்தைத் தேடிப் போகிற பிள்ளை எங்கே போகும்? இதைப் பள்ளியில் இலக்கணமாகச் சொல்லித் தாண்டிவிடுகிறார்கள். இங்கே அட்டையை எடுத்து, வைத்து, மாற்றி, எழுதி, வாயால் சொல்லி, கையும் கண்ணும் காதும் சேர்ந்து வேலை செய்கிற மாதிரி பண்ணுகிறார்கள். 1930களில் அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் தொடங்கிவைத்த வழி இது என்று ஒருநாள் விளக்கினார்.

தமிழை விட்டுவிடுங்கள், சுமை குறையும் என்று எங்கள் சொந்தத்தில் பலர் சொன்னார்கள். இதை டீச்சரிடம் கேட்டேன். அவர் ஒரு தாளில் ‘கொ’ என்று எழுதிக் காட்டினார். கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ நடுவில் இருக்கும் எழுத்துக்கு அப்புறம் வருகிறது. இது இவளுக்குக் கஷ்டம்தான், ஆனால் இவள் யோசிப்பது தமிழில், அந்த மொழியை எடுத்துவிட்டால் மலாக்காக் கதையை எதில் சொல்லிக் கொடுப்பேன் என்று கேட்டார். நாங்கள் தமிழை விடவில்லை. தமிழ் எழுத்துக்கு வாரத்தில் இருபது நிமிடம்தான் ஒதுக்குகிறார், அது போதாது என்பது என் குறை. லகர ளகரக் குழப்பம் இன்னும் அப்படியே இருக்கிறது.

வரலாற்றில் ஏன் இவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் வர மலாய்மொழியில் கட்டாயம் தேற வேண்டும், 2013லிருந்து வரலாற்றிலும் தேற வேண்டும். மற்ற பாடங்களில் எவ்வளவு எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்று போனால் சான்றிதழ் இல்லை. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு இரண்டுமே வாசிப்பை நம்பிய பாடங்கள். மூன்று ஆண்டு இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும் என்கிறார்.

நான் எதிர்பார்க்காத ஓர் உதவியும் கிடைத்தது. கல்வி அமைச்சு எல்லா மாணவருக்கும் கொடுக்கும் டெலிமா என்ற இணையக் கற்றல் தளத்தின் கணக்கு எங்களிடம் சும்மா கிடந்தது. கோவிட் காலத்துக்கு அப்புறம் நாங்கள் அதைத் திறக்கவே இல்லை. அதில் பாடப்புத்தகங்கள் மின்னூலாக இருக்கின்றன. அதை எட்ஜ் உலாவியில் திறந்து உரக்கப் படிக்கும் வசதியை அழுத்தினால் மலேசிய மலாயிலேயே வாசிக்கிறது. யாஸ்மின் என்று ஒரு பெண் குரல், ஒஸ்மான் என்று ஓர் ஆண் குரல். மலேசியத் தமிழுக்கும் கனி, சூர்யா என்று இரண்டு குரல் இருக்கிறது. மகள் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு விரலால் வரியைத் தொடர்ந்து போகிறாள். இதற்கு ஒரு காசு செலவில்லை. காதால் கேட்டுப் படிப்பது ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள் என்று டீச்சர் எனக்குத்தான் சொன்னார், ஏனென்றால் நான் அப்படித்தான் நினைத்தேன்.

காசு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே வருவதற்கு முன்னால் பெரிய ஊரில் ஒரு நிலையத்தில் வண்ணக் கண்ணாடியும் வண்ணப் பிளாஸ்டிக் தாளும் 480 வெள்ளிக்கு வாங்கினோம். எழுத்து ஆடாமல் நிற்கும் என்றார்கள். ஒன்றும் மாறவில்லை. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் அமைப்பும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009லேயே கூட்டறிக்கை விட்டிருக்கின்றன. டிஸ்லெக்சியா கண் கோளாறால் வருவதில்லை, வண்ணக் கண்ணாடி அதைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்று. அது தெரியாமல் நான் ஓவர்டைம் காசைக் கொட்டினேன். வேறு யாரும் கொட்டக் கூடாது.

இந்த டீச்சர் தன்னை டாக்டராகக் காட்டிக்கொள்வதில்லை. “எனக்கு இப்படித் தோணுது, ஆனா பேர் வைக்க வேண்டியவங்க ஆஸ்பத்திரிக்காரங்க” என்று முதல் மாதமே கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கடிதம், காத்திருப்பு, பிறகு டிஸ்லெக்சியாதான் என்று உறுதி செய்தார்கள். மாற்றுத்திறனாளி அட்டை எடுப்பதா என்று வீட்டில் பெரிய பேச்சு. பெண்பிள்ளை, நாளைக்கு யார் கேட்பார்கள் என்று மாமியார் அழுதார். நானும் இரண்டு இரவு தூங்கவில்லை. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதியும் ஏழு வகைகளில் கற்றல் சிரமம் ஒரு வகை, பதிவது கட்டாயமில்லை, கட்டணமும் இல்லை. எஸ்.பி.எம்.மில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாட்டுக்குப் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு இப்படி ஓர் ஆவணம் கையில் இருப்பது நல்லது. முடிவை மகளிடமே விட்டோம். எடுக்கலாம் என்றாள். அட்டையைப் பணப்பையில் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

பள்ளிக்கு டீச்சர் மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். முன்னறிவிப்பில்லாமல் உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம், பலகையில் இருப்பதைப் படம் எடுத்துக்கொள்ள விடுங்கள், தெரிந்ததை வாயால் சொல்ல ஒரு வாய்ப்பு கொடுங்கள், எழுத்துப்பிழைக்காகக் கருத்துக்குரிய புள்ளியை வெட்ட வேண்டாம். நான் அதை ஆலோசகர் ஆசிரியரிடம் கொடுத்தேன். இடைநிலைப்பள்ளியில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், எல்லாரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொல்ல முடியாது, அதனால் ஆலோசகர் வழியாகப் போனது நல்லதாயிற்று. வரலாற்று ஆசிரியை மறுநாளே ஒரு வரியைக் காட்டி, நாளைக்கு இதை வாசிக்கப் போகிறாய், தயார் பண்ணிக்கொண்டு வா என்றிருக்கிறார். இன்னொரு பாட ஆசிரியர் எல்லாருக்கும் ஒரே விதிதான் என்றார். 2013ல் சிறப்புக் கல்விக்குத் தனி விதிமுறை வந்தது, 2019லிருந்து சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையும் இருக்கிறது. பிள்ளை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த பிறகு நடப்பதெல்லாம் அந்தந்த ஆசிரியரின் மனசைப் பொறுத்துத்தான் இருக்கிறது. இதில் மாடி வகுப்பால் செய்ய முடிவது ஒரு கடிதம்வரைதான்.

குறைகள். படிக்கட்டு செங்குத்து, சக்கர நாற்காலிப் பிள்ளை வரவே முடியாது. கீழே பட்டறையில் எக்ஸாஸ்ட் சோதித்தால் பாடம் நிற்கும், கவனம் எளிதில் சிதறும் பிள்ளைகளுக்கு இது உண்மையிலேயே கெடுதல், டீச்சர் இடம் மாற்ற வேண்டும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். டீச்சர் ஒரே ஆள். முழங்கால் வலியில் இரண்டு வாரம் வகுப்பு இல்லாமல் போனது, அதற்குப் பதில் ஒரு வகுப்புதான் கிடைத்தது. கணிதம் எடுப்பதில்லை. ஆங்கிலம் பேருக்குத்தான். கேட்டால்தான் ரசீது. பெற்றோர் காத்திருக்க இடமில்லை, மழை நேரத்தில் கீழே கடை முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையில் நிற்க வேண்டும். கட்டணம் குறைவென்று சொல்ல மாட்டேன். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி, தோட்டத்தில் ஒருவர் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு 180 என்பது பத்தில் ஒரு பங்குக்கு மேல். முடியாதவர்கள் நேரில் பேசினால் குறைக்கிறார், எனக்குத் தெரிந்து இரண்டு பிள்ளைகள் பாதிக் கட்டணத்தில் வருகிறார்கள். ஆனால் கேட்கக் கூச்சப்படுகிற அம்மாக்கள் கீழேயே நின்று திரும்பிப் போய்விடுகிறார்கள். கட்டணச் சலுகை உண்டு என்று வாசலில் ஒரு வரி எழுதி ஒட்டலாம்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அதே ஒரு நிமிட வாசிப்பில் 58 சொல், 4 தவறு. வரலாற்றுத் தேர்வில் 24லிருந்து 41. கையெழுத்தும் எழுத்துப்பிழையும் பெரிதாக மாறவில்லை. அந்தப் புள்ளிகளை மற்றவர்களிடம் சொன்னால் 41தானா என்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்வது? போன மாதம் பள்ளி வகுப்பில் பெலாபுஹான் பற்றிய பத்தியை அவள் நின்று வாசித்திருக்கிறாள். கழிவறைக்குப் போகவில்லை.

படிவம் 4, 5 பிள்ளைகளை டீச்சர் தயங்கித்தான் எடுக்கிறார், தேர்வுக்குள் அடிப்படையைக் கட்ட நேரம் போதாது என்று. அதனால் படிவம் 1, 2 பிள்ளை வைத்திருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள். போகும்போது பிள்ளையின் வரலாற்றுப் புத்தகமும் பழைய தேர்வுத்தாளும் எடுத்துப் போங்கள், அவர் முதலில் கேட்பது அவற்றைத்தான். செவ்வாய், வியாழன் மாலை 4.30. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை நாளில் முன்னால் வண்டி நிறுத்த முடியாது, பின்சந்து வழியாக வர வேண்டும். படியேறும்போது இடது பக்கக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், வலது பக்கத்தது ஆடுகிறது.